மொட்டை மாடியில் ஒரு சாட்சி

தில்லிக்கு வானம் என்று ஒன்று உண்டு என்பது அந்நகரவாசிகள் பலருக்கு ஞாபகம் வந்தது 2020 ஏப்ரலில்தான். கரோனா ஊரடங்கு. தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன. சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தன. செய்வதற்கு வேறு வேலை இல்லாமல் மாடிக்குப் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நீலம். பள்ளிக்கூடப் படப் புத்தகத்தில் குழந்தைகள் தீட்டுகிற அதே அப்பட்டமான நீலம். உடனே கைபேசிகள் வெளியே வந்தன. பால்கனியிலிருந்தும், ஜன்னல் கம்பிகளுக்கு இடையிலிருந்தும், தண்ணீர்த் தொட்டியின் மறைவிலிருந்தும் தலைநகரமே வானத்தைப் படம் எடுத்துத் தள்ளியது.

அந்த நாட்களில் உலகம் முழுக்கச் சுற்றிவந்த ஜோடிப் படம் ஒன்று உண்டு. ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர்கள் எடுத்த இந்தியா கேட் படங்கள். ஒன்று 2019 அக்டோபர் 17 அன்று எடுத்தது. சாம்பல் திரைக்குப் பின்னால் பென்சில் கோடு போல மங்கிக் கிடந்தது நினைவுச் சின்னம். மற்றது 2020 ஏப்ரல் 8 அன்று எடுத்தது. கல்லின் விளிம்புகள் துல்லியமாகத் தெரிந்தன, பின்னால் நீல வானம். இரண்டாவது படம் தனியாக வந்திருந்தால் அது சுற்றுலாத் துறையின் வாழ்த்து அட்டை, அவ்வளவுதான். முதல் படம் பக்கத்தில் இருந்ததால்தான் அது செய்தி ஆயிற்று.

மாடியேறிப் படம் எடுத்த சாதாரண மனிதர்களில் எத்தனை பேரிடம் அந்த முதல் படம் இருந்திருக்கும்? பிறந்த நாளைப் படம் எடுப்பவர்கள் உண்டு, கல்யாணத்தை எடுப்பவர்கள் உண்டு, மலையுச்சிக்குப் போய் சூரியோதயத்தை எடுப்பவர்கள் உண்டு. ஒன்றுமே இல்லாத ஒரு மங்கலான செவ்வாய்க்கிழமையை யார் படம் எடுப்பார்கள்? எடுத்தாலும் யார் வைத்துக்கொள்வார்கள்?

அப்படி எடுத்து வைத்துக்கொள்கிற அபூர்வப் பிறவிகளின் அருமை தில்லி மாதிரியான நகரத்தில்தான் தெரியும். வீட்டு மாடியை விட்டு நகராமல், ஒரே திசையை நோக்கி, நாள் தவறாமல் வானத்தைப் படம் எடுக்கிற அமெச்சூர் புகைப்படக்காரர் அழகை மட்டும் சேகரிப்பதில்லை. தெரிந்தோ தெரியாமலோ, அவர் சாட்சியம் சேகரிக்கிறார்.

பழைய தில்லி வீடுகளின் மொட்டை மாடியில் ஒற்றை அறை ஒன்று இருக்கும். பர்சாத்தி என்பார்கள். பர்சாத் என்றால் இந்தியில் மழை. கோடை இரவில் மாடியில் படுத்திருப்பவர்கள் திடீர் மழைக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்குவதற்காக ஏற்பட்ட அறை. பிற்பாடு அது வாடகைக்கு விடும் அறையாயிற்று. பிழைப்புத் தேடி ரயிலேறி வந்த தமிழர்கள் பலருக்கும் தில்லியில் முதல் விலாசம் பர்சாத்திதான். கோடையில் வேகும், குளிரில் விறைக்கும். ஆனால் வேறு எந்த வீட்டிலும் கிடைக்காத ஒன்று அங்கே வாடகையில்லாமல் கிடைக்கும்: நான்கு பக்கமும் வானம்.

அந்த இடத்திலிருந்து பார்த்தால் தில்லியின் ஓர் ஆண்டு கண்முன் விரியும். ஜனவரியில் மூடுபனி; எதிர் வீடு காணாமல் போகும், விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். மேற்கிலிருந்து வரும் காற்றுச் சலனம் ஒன்று இரண்டு நாள் மழையைக் கொட்டிவிட்டுப் போனால், மறுநாள் காலை வானம் கழுவிவிட்ட தரை போலப் பளிச்சிடும். பிப்ரவரி கடைசியில் இலவ மரங்கள் இலையுதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூக்கும். மே மாதம் சரக்கொன்றை மஞ்சள் சரங்களைத் தொங்கவிடும். கூடவே 'லூ' என்கிற அனல்காற்று. சில மாலைகளில் 'ஆந்தி' வரும். மேற்குப் பக்கத்தில் பழுப்புச் சுவர் ஒன்று எழுந்து நடந்து வருவதுபோல் புழுதிப் புயல். கொடியில் காயும் துணியை எடுக்கக்கூட அவகாசம் இருக்காது. ஜூன் மாதக் கடைசியில் பருவமழை. வரும்போது சும்மா வராது. 2024 ஜூன் 28 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 228.1 மில்லிமீட்டர் பதிவாயிற்று. 1936க்குப் பிறகு ஜூன் மாதத்தில் ஒரே நாளில் அவ்வளவு மழை பெய்ததில்லை. செப்டம்பரில் மழை விலகும்போது சில வாரங்கள் மட்டும் தில்லி வானம் உண்மையிலேயே நீலமாக இருக்கும்.

பழந்தமிழ் இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். குளிர்காற்று உடம்பைத் தொடும் காலம். தில்லியில் அந்த நாற்காலியில் இப்போது வேறொன்று உட்கார்ந்திருக்கிறது. அக்டோபர் பாதியில் தொடங்கி நவம்பர் முழுவதும் புகைக்காலம். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்த தாளைக் கொளுத்தும் புகை வடமேற்குக் காற்றோடு வருகிறது. நகரத்தின் சொந்தச் சரக்கான வாகனப் புகை, கட்டுமானத் தூசி, குப்பை எரிப்பு, பட்டாசு எல்லாம் அதோடு சேர்ந்துகொள்கின்றன. குளிர் தொடங்கியதும் தரையோரக் காற்று குளிர்ந்து கனத்துவிடுகிறது. அதன் மேல் வெப்பமான காற்று மூடி போட்டதுபோல் நிற்கிறது. பாத்திரத்துக்குள் மாட்டிக்கொண்ட ஆவி மாதிரி, அழுக்கு மேலே போக வழியில்லை.

இந்தப் புகைக்காலத்தில்தான் ஒரு விபரீதம் நடக்கிறது. தில்லியின் மிக அழகான புகைப்படங்கள் பிறக்கும் காலமும் இதுதான். நிகம்போத் காட் சுடுகாட்டுக்குப் பக்கத்தில் யமுனையின் படித்துறை. நவம்பர் விடியலில் அங்கே கேமராக்களின் கூட்டம். வடக்கேயிருந்து குளிர்காலத்துக்கு வலசை வந்த கடற்காகங்கள் ஆயிரக்கணக்கில் படகைச் சுற்றிப் பறக்கும். படகோட்டி இரை வீசுவார். பின்னால் பொன்னிறத் திரையில் சூரியன் ஆரஞ்சுப் பழம் போலத் தொங்கும். கண்ணை உறுத்தாமல் நேராகவே பார்க்கலாம் அந்தச் சூரியனை. பார்ப்பவர்கள் சொக்கிப்போகிறார்கள். அந்தப் பொன்னிறத்தில் பெரும்பங்கு பனி அல்ல, புகையும் தூசியும். சூரியனை அவ்வளவு சாதுவாக்கியதும் அதுதான். படம் எடுத்தவர் இறங்கி வந்து இருமுகிறார்.

விஷயம் எளிமையானது. காற்றின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை; சூரிய ஒளியில் நீலத்தையே அதிகமாகச் சிதறடிக்கின்றன. அதனால் சுத்தமான வானம் நீலம். புகைத் துகளும் தூசியும் அவற்றைவிடப் பன்மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கின்றன. அதனால் அழுக்கு வானம் வெள்ளை, அல்லது சாம்பல். நிறமே ஒரு அளவுகோல். அதைப் படிக்கப் பட்டம் தேவையில்லை. தினமும் பார்த்தால் போதும்.

தினமும் பார்ப்பதைத்தான் வானிலைத் துறையும் தொழிலாகச் செய்துவந்தது. பார்வைத் தூரத்தைக் கணக்கிட நவீன கருவிகள் வருவதற்கு முன்பு கவனிப்பாளர்கள் கையாண்ட முறை பாட்டி வைத்தியம் மாதிரியானது. நிலையத்தைச் சுற்றிலும் தூரம் தெரிந்த அடையாளங்களைப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்வார்கள்: அரை கிலோமீட்டரில் ஒரு மரம், ஒரு கிலோமீட்டரில் ஒரு கோபுரம், மூன்று கிலோமீட்டரில் ஒரு புகைபோக்கி. எதுவரைக்கும் தெரிகிறது என்று பார்த்து எழுத வேண்டியதுதான். தில்லி மாடியில் நிற்பவருக்கு இந்த அடையாளங்களுக்குப் பஞ்சமேயில்லை. தெற்கே இருந்தால் குதுப் மினார், பழைய நகரத்தில் என்றால் ஜாமா மசூதியின் மினார்கள், கிழக்கே யமுனைக்கு அப்பால் அக்ஷர்தாம். ஒன்றும் இல்லாவிட்டால் பக்கத்துக் குடியிருப்பின் தண்ணீர் டாங்கி. இன்று எது தெரிகிறது, எது தெரியவில்லை என்பதே அன்றைய செய்தி.

கருவிகள் இருக்கும்போது இந்தச் சாட்சி எதற்கு என்று கேட்கலாம். கருவிகள் தேவை, அவை சொல்வதை எந்தக் கண்ணும் சொல்லிவிட முடியாது. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கே இருக்கிற பி.எம். 2.5 துகள்களைக் கண்ணால் எண்ண முடியாது. 2015இல் நடைமுறைக்கு வந்த தேசிய காற்றுத் தரக் குறியீடு பூஜ்யத்திலிருந்து 500 வரை அளக்கிறது; 2024 நவம்பர் 18 அன்று தில்லியின் சராசரி 490ஐத் தாண்டியது. ஆனால் எண்ணைக் கேட்டு யாரும் திடுக்கிடுவதில்லை. 320க்கும் 490க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் சாதாரணக் குடிமகன் விழிப்பான். நேற்று தெரிந்த மினார் இன்று காணோம் என்றால் அவனுக்குப் புரியும். கருவிகளுக்கும் சறுக்கல் உண்டு. 2024 மே 29 அன்று தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் என்று அறிவித்து நாட்டையே கலக்கியது. பரிசோதித்துப் பார்த்த வானிலைத் துறை, உணர்கருவி மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டிவிட்டது என்றது. ஒன்றுக்கொன்று சரிபார்க்கப் பல சாட்சிகள் இருப்பது நல்லது.

கேமராவும் யோக்கியமான சாட்சி என்று சொல்லிவிட முடியாது. இன்றைய கைபேசி, தான் பார்த்ததை அப்படியே பதிவு செய்வதில்லை. எது நன்றாக இருக்கும் என்று அதுவே முடிவு செய்கிறது. 2020 செப்டம்பர் 9 அன்று காட்டுத்தீப் புகையால் சான்பிரான்சிஸ்கோவின் வானம் பட்டப்பகலில் அடர்ந்த ஆரஞ்சாக மாறியது. மக்கள் அலறியடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். பல கைபேசிகளில் பதிவானதோ சாதாரண மேகமூட்டமான சாம்பல் நிறம். வானம் ஆரஞ்சாக இருக்க நியாயமில்லை என்று கருவி தானாகவே திருத்திவிட்டது! தில்லி மாடிக்காரருக்கு இது எச்சரிக்கை. ஒயிட் பேலன்ஸ் என்கிற நிறச் சமன்பாட்டைத் தானியங்கியில் விடாமல் 'பகல் வெளிச்சம்' என்று நிலையாக வைக்க வேண்டும். புகைமூட்டத்தை நீக்கும் வசதியைத் தொடக்கூடாது. நேரம், இடம், திசை மூன்றும் மாறக்கூடாது. அழகுபடுத்திய கணத்தில் சாட்சியம் கெட்டுவிடும்.

வீட்டை விட்டு நகராமல் வானிலையைப் படம் எடுத்து உலகத்துக்குப் பாடம் சொன்ன முன்னோடி ஒருவர் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற சிற்றூர் விவசாயி வில்சன் பென்ட்லி. கல்லூரி வாசலை மிதிக்காதவர். பதினைந்து வயதில் அம்மா கொடுத்த நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி, 1885 ஜனவரி 15 அன்று ஒற்றைப் பனித்துகளைப் படம் பிடித்தார். அப்போது அவருக்கு 19 வயது. அதன் பிறகு 46 குளிர்காலங்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பனித்துகள் படங்கள். கோடையில் மழை வந்தால் மாவு பரப்பிய தட்டை நீட்டி, விழும் துளிகள் உருட்டிய உருண்டைகளை வைத்து மழைத்துளியின் அளவைக் கணக்கிட்டார். அக்கம்பக்கத்தார் அவரைக் கிறுக்கு என்றே நினைத்தார்கள். 1931இல் அவருடைய படங்கள் 2,400க்கு மேல் ஒரு நூலாக வந்தன. சில வாரங்களில், பனிப்புயலில் வீட்டுக்கு நடந்துவந்து நிமோனியா கண்டு, டிசம்பர் 23 அன்று இறந்தார். இரண்டு பனித்துகள்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்று இன்று உலகமே சொல்கிறதே, அது ஊர்தோறும் பரவியது அந்தக் கிறுக்கரின் படங்களால்தான்.

வானத்தின் நிறத்தைக் குறித்து வைத்ததால் விஞ்ஞானம் பலனடைந்த கதை சென்னைக்கும் உண்டு. 1883 ஆகஸ்ட் கடைசியில் இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை வெடித்தது. செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சென்னை கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக இருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித் அதைக் கவனித்துப் பதிவு செய்தார். குளிர்காலத்தில் லண்டனில் அந்திவானம் ரத்தமாகச் சிவந்தது. வில்லியம் ஆஸ்கிராஃப்ட் என்ற ஓவியர் தேம்ஸ் நதிக்கரையில் மாலைதோறும் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் வண்ணச் சித்திரங்கள் வரைந்தார். எரிமலைத் தூசி உலகைச் சுற்றிவந்ததைப் பற்றி 1888இல் ராயல் சொசைட்டி வெளியிட்ட அறிக்கையில் இவையெல்லாம் இடம்பெற்றன. அதே மிச்சி ஸ்மித்தான் பிற்பாடு கொடைக்கானல் வானாய்வகத்தின் முதல் இயக்குநரானார். அந்த மலையிலிருந்து சூரியனைத் தொடர்ந்து படம் எடுத்துச் சேர்த்த தொகுப்பு 1904இல் தொடங்குகிறது. நூறாண்டுக்கு மேல் ஒரே முகத்தின் படங்கள். ஒரு படத்துக்கு இருக்கும் மதிப்பு கொஞ்சம். வரிசைக்கு இருக்கும் மதிப்புக்கு ஈடில்லை.

தமிழர்களில் இந்தப் பொறுமைக்கு இலக்கணம் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளையிலேயே கானுயிர்களைப் படம் பிடித்தவர். 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளேட்டில் 1950இல் தொடங்கிய பத்தியை 1996 பிப்ரவரி 18 அன்று இறக்கும் வரை எழுதினார். யானையும் காட்டெருமையும் பார்த்த அந்தக் கண், மயிலாப்பூர் வீட்டைச் சுற்றி வந்த காக்கையையும் அணிலையும் அதே மரியாதையோடு பார்த்தது. தூரத்துக் காடு மட்டும்தான் இயற்கை, வீட்டுக் கொல்லை அதில் சேராது என்ற பிரிவினை அவரிடம் இல்லை.

தில்லிக்குத் தேவைப்படுவதும் அந்தக் கண்தான். காரணம், மனிதனின் ஞாபகம் கேமராவைவிட மோசமான திருத்தல்வாதி. ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும் வானத்தை அது கவனிப்பதில்லை. சாம்பலே இயல்பு என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறது. 2020 ஏப்ரலில் ஜலந்தரில் மாடியேறியவர்களுக்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த தவுலதார் பனிமலை திடீரென்று அடிவானத்தில் தெரிந்தது. பல பத்தாண்டுகளாக இதைப் பார்த்ததில்லை என்றார்கள் பெரியவர்கள். இளையவர்களுக்கோ தங்கள் ஊரிலிருந்து மலை தெரியும் என்பதே புதுச் செய்தி. மலை எங்கேயும் போய்விடவில்லை. அது தெரியாமல் போன நாளைத்தான் யாரும் குறித்து வைக்கவில்லை.

குறித்து வைப்பவர் புகையை விரட்டிவிட மாட்டார். அரசாங்கங்களே விரட்ட முடியாமல் திணறுகின்றன. 2025 அக்டோபர் 28 அன்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் விமானம் தலைநகரின் மேல் பறந்து மேகத்தில் ரசாயனம் தூவியது. புராரி, கரோல் பாக், மயூர் விஹார் என்று தமிழர்களுக்குப் பரிச்சயமான பேட்டைகளின் தலைக்கு மேலேயே சோதனை. மேகத்தில் ஈரம் போதவில்லை; எதிர்பார்த்த மழை வரவில்லை. கீழே மாடியில் நின்றிருந்தவருக்கு அன்று கிடைத்திருக்கக்கூடியது மேலும் ஒரு சாம்பல் படம். பார்ப்பவர்களுக்கு அலுப்பூட்டும் படம். யாரும் பாராட்டாத படம்.

அவர் அதை அழிக்காமல் இருந்தால் போதும். தேதி போட்டு, முந்தைய நாள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். என்றாவது ஒரு நாள் இந்த நகரத்தின் வானம் மறுபடி நீலமாகலாம். அல்லது குழந்தைகள் நீல நிறப் பென்சிலை எதற்குப் பயன்படுத்துவது என்று கேட்கலாம். எது நடந்தாலும் இன்னொரு ஜோடிப் படம் தேவைப்படும். அப்போது முதல் படம் யாரிடமாவது இருக்க வேண்டும்.